ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்: சீடரை முன்செல்ல விட்ட பேராசான்

கற்றவர் ஒருவரின் பெருமையை அளப்பதற்கு உலகம் பல அளவுகோல்களை வைத்திருக்கின்றது. அவர் எழுதிய நூல்கள் எத்தனை, பெற்ற பட்டங்கள் எத்தனை, வகித்த பதவிகள் யாவை என்று கேட்பது வழக்கம். இவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, அவரிடம் பயின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெரிய பெயர்கள் சில சிறுத்துப் போகின்றன. ஒரு சிலவே முன்னினும் ஓங்கி நிற்கின்றன. அவ்வாறு ஓங்கி நிற்கும் பெயர்களுள் ஒன்று வங்கம் தந்த இரசாயன அறிஞர் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் அவர்களுடையது.

ஆசிரியன் எவ்விடத்தும் வெற்றியையே விரும்பலாம், மாணாக்கனிடத்து மட்டும் தோல்வியை விரும்பவேண்டும் என்று பொருள்படும் முதுமொழி ஒன்று வடமொழியில் உண்டு. சொல்வதற்கு எளிதான மொழி; கைக்கொள்வதற்கு மிக அரிது. அதனை எண்பத்திரண்டு ஆண்டு வாழ்வில் கைக்கொண்டு காட்டியவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக எம் இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ராய் அவர்கள் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்து ராருளி என்னும் கிராமத்தில் பிறந்தார். கபோதாட்ச நதியின் கரையில் அமைந்த ஊர் அது. தந்தையார் ஹரிச்சந்திர ராய் நிலபுலன் உடையவர். பாரசீகம், ஆங்கிலம் முதலிய மொழிகளில் பயிற்சியும், புதுமைக் கருத்துக்களில் நாட்டமும் கொண்டவர். வீட்டிலே நல்ல நூல்நிலையம் ஒன்றை அவர் வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் 1870இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது.

பிரபுல்லர் ஹேயர் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1874இல், கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பிடித்தது. பாடசாலையை விட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருக்க நேர்ந்தது. நோய் உடலை என்றென்றைக்கும் நலித்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளே அவருடைய அறிவுக்கு அத்திவாரமிட்டன. வகுப்பும் மணியும் பரீட்சையும் இல்லாத நிலையில், தந்தையின் நூல்களை விருப்பம்போல் படித்தார். வரலாறும் இலக்கியமும் பெரியோர் சரித்திரங்களும் அவருக்குத் துணையாயின. பரீட்சைக்கென்று படிப்பது வேறு, அறிவுக்கென்று படிப்பது வேறு என்பதனை அவர் சிறு பிராயத்திலேயே உணர்ந்துகொண்டார்.

பின்னர் அல்பேட் பாடசாலையிலும், ஈசுவர சந்திர வித்தியாசாகரர் நடத்திய மெற்றொபொலிற்றன் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் விஞ்ஞான வசதி போதாமையால், பிரசிடென்சிக் கல்லூரிக்குச் சென்று பெட்லர் என்னும் ஆசிரியரின் இரசாயன விரிவுரைகளைக் கேட்டார். அங்கே கண்ட பரிசோதனைகள் இலக்கியத்தில் ஊறியிருந்த அவர் உள்ளத்தை இரசாயனத்தின்பால் இழுத்தன. தோழர் ஒருவருடன் சேர்ந்து தங்குமிடத்திலேயே சிறு பரிசோதனைகள் செய்துபார்த்தார்.

அக்காலத்திலே கில்கிறைஸ்ற் புலமைப்பரிசில் என்று ஒன்று இருந்தது. பல மொழிகளில் தேர்ச்சி வேண்டிய கடினமான பரீட்சை அது. பிரபுல்லர் அதற்கு வேண்டிய ஆயத்தங்களைப் பிறர் அறியாவண்ணம் செய்துவந்தார். செய்தி வெளிப்பட்டபோது உடன் படித்தோர் சிலர் எள்ளி நகையாடினர். பெறுபேறு வந்தபொழுது இந்தியா முழுவதிலும் தெரிந்தெடுக்கப்பட்ட இருவருள் அவர் ஒருவர். 1882இல், இருபத்தொரு வயதில், கப்பலேறினார்.

எடின்பரோவிலே

ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கிரம் பிறவுண் என்னும் பேராசிரியரின் மாணவரானார். அந்தப் பேராசிரியர் அறிவிற் பெரியவர், பழகுதற்கு எளியவர். மாணவனை வேலையாளாகக் கருதாமல் உடன் உழைப்பவனாகக் கருதும் பண்பை ராய் முதன்முதல் கண்டது அங்கேதான். பிற்காலத்தில் கல்கத்தாவிலே தம் சீடரிடம் அவர் காட்டிய நடத்தைக்கு விதை எடின்பரோவிலே விழுந்தது எனலாம்.

அங்கே ஒரு சோதனையும் வந்தது. 1857ஆம் ஆண்டுக் கலகத்திற்கு முன்னும் பின்னும் இந்தியா எப்படியிருந்தது என்பது பற்றிச் சிறந்த கட்டுரை எழுதுவோருக்குப் பரிசளிப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. இரசாயன மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று விட்டிருக்கலாம். ராய் அப்படி விடவில்லை. சில காலம் பரிசோதனைகளை நிறுத்திவைத்து வரலாற்று நூல்களில் மூழ்கினார். ஆட்சியாளரின் நாட்டில், ஆட்சியாளர் தந்த புலமைப்பரிசிலில் வாழும் இளைஞன், ஆட்சியின் குறைகளை எடுத்துக்காட்டி எழுதினான். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. எனினும் ராயின் கட்டுரை சிறந்தவற்றுள் ஒன்றென மதிக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. அதனைத் தாமே 1886இல் அச்சிட்டு வெளியிட்டார். அறிந்ததைத் தெளிவாகவும் அஞ்சாமலும் எழுதிப் பிறர் கையிற் சேர்ப்பது கற்றவன் கடமையில் ஒரு பகுதி என்ற கொள்கை அவரிடம் அன்றே வேரூன்றியிருந்தது.

1887இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தின் ஹோப் பரிசும் கிடைத்தது. அடுத்த ஆண்டு அங்குள்ள இரசாயனச் சங்கத்தின் உபதலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

வேலையற்ற ஓராண்டு

இத்தனை சிறப்புகளோடு 1888இல் தாய்நாடு திரும்பியவரை வரவேற்கப் பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை. கல்வித் திணைக்களத்தின் உயர்பதவிகள் பெரும்பாலும் மேல்நாட்டவர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஓராண்டு காலம் உத்தியோகமின்றி இருந்தார். தம் நண்பர் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் இல்லத்திலே தங்கிப் படிப்பிலும் தாவர ஆராய்ச்சியிலும் பொழுதைக் கழித்தார்.

இறுதியில் 1889இல் பிரசிடென்சிக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபா. அதே தகுதியுடன் இங்கிலாந்திலிருந்து வருபவர் பெறும் ஊதியம் இதனிலும் மிக உயர்ந்தது. இவ்வேற்றுமையைக் கல்வித்துறைத் தலைவரிடம் எடுத்துக்கூறியபோது, இப்பதவியை ஏற்கும்படி உம்மை ஒருவரும் வற்புறுத்தவில்லையே என்னும் கருத்தில் விடை வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். அவமதிக்கப்பட்ட அறிஞனுக்கு முன்னே வழிகள் பல உண்டு. மனங்கசந்து ஒதுங்கிவிடலாம், தன் உயர்வுக்காக மட்டும் போராடலாம், தான் பட்டதைத் தனக்குக் கீழுள்ளவரும் படட்டும் என்று வாளாவிருந்துவிடலாம். கடைசியாகச் சொன்னதே உலகில் பெரிதும் நடப்பது. ராய் வேறு வழியைத் தேர்ந்தார். தம் நாட்டு மாணவர் மேல்நாட்டவருக்கு நிகராக ஆராய்ச்சி செய்து உலகத்தின் முன் நிறுத்திவிட்டால், இந்த இழிவு தானே ஒழியும் என்று கருதினார். அப்பதவியையே அதற்குக் கருவியாக்கிக்கொண்டார்.

மஞ்சட் பளிங்குகள்

கல்லூரியின் பழைய ஆய்வுகூடம் வசதியற்றது. எடின்பரோ ஆய்வுகூடத்தை மாதிரியாகக் காட்டி அவரும் பெட்லரும் முயன்றதன் பயனாக 1894இல் புதிய ஆய்வுகூடம் எழுந்தது. அங்கேதான் அவருடைய பெயரை உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

பாதரசத்தின்மேல் ஐதான நைத்திரிக்கமிலத்தை வார்த்து வேறொரு பொருளைத் தயாரிக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். எதிர்பாராத மஞ்சட் பளிங்குகள் படிந்திருப்பதைக் கண்டார். இது ஏதோ தவறு என்று கழுவிவிடாமல் ஆராய்ந்தார். மேக்கூரசு நைத்திரைற்று என்னும் சேர்வை அது. 1896இல் இச்செய்தி வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று; மேல்நாட்டு விஞ்ஞானிகளும் கவனித்தனர். தொடர்ந்து நைத்திரைற்றுக்கள் என்னும் அவ்வினத்துச் சேர்வைகளைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அமோனியம் நைத்திரைற்று பற்றிய ஆய்வை 1912இல் லண்டன் இரசாயனச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தபோது சேர் வில்லியம் ராம்சே போன்ற பெரியோர் பாராட்டினர்.

அதே பயணத்தில், பிரித்தானிய சாம்ராச்சியத்துப் பல்கலைக்கழகங்களின் மகாநாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். இந்திய மாணவர் தம் சொந்த நாட்டிலே செய்யும் உயர் ஆராய்ச்சிக்கு உரிய மதிப்பு வழங்கப்படவேண்டும் என்று அங்கே வாதாடினார். தமக்குக் கிடைத்த மேடையை மாணவருக்காகப் பயன்படுத்தியமை ஈண்டுக் கவனிக்கற்பாலது.

முதல் வகுப்பு ஆசிரியர்

பேராசிரியர் ஆனபின் சிறுவர் வகுப்பை இளையவரிடம் தள்ளிவிட்டு மேல்வகுப்பை மட்டும் வைத்துக்கொள்வது பலருக்கும் இயல்பு. ராய் அதற்கு மாறாகப் புதிதாக வந்து சேரும் மாணவருக்குத் தாமே பாடஞ் சொல்வதை விரும்பினார். களிமண் ஈரமாயிருக்கும்போதே கலம் வனையவேண்டும் என்பது அவர் எண்ணம். விரிவுரையிடையே வங்க மொழியைத் தாராளமாகக் கலந்து பேசுவார். வாயுக்களையும் அமிலங்களையும் சொல்லும்போதே அவற்றைக் கண்டவர்களின் வாழ்க்கையையும் சொல்லுவார். லவோசியே, பிறீஸ்ற்லி, டால்ற்றன் முதலியோர் பெயர்கள் மாணவர்க்கு வெறும் பெயர்களாக இராமல், வறுமையும் துன்பமும் பட்டு உழைத்த மனிதராக உயிர்பெற்று வந்தன.

எலும்பைச் சுட்டு நீறாக்கி, அது இப்பொழுது விலங்கின் உறுப்பன்று, வெறும் கல்சியம் பொசுபேற்று என்று விளக்கி, ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் இட்டுக்கொள்வார் என்பது அவர் மாணவர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நூறு வசனங்களால் விளங்காதது அந்த ஒரு செயலால் விளங்கிற்று. வங்கச் சிறுவருக்காக விலங்குகளைப் பற்றித் தாய்மொழியில் சிறு நூலொன்றும் எழுதினார். அறிவு எவ்வளவு உயர்ந்ததாயினும் கேட்பவன் மொழியில், கேட்பவன் நிலைக்கு இறங்கிச் சொல்லப்படாவிடில் பயனில்லை என்பதற்கு அவர் வகுப்பறையே சான்று.

ஆராய்ச்சி மாணாக்கர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டம் பெற்ற மாணவர் சிலர்க்கு ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்க அரசாங்கம் முன்வந்தது. அதற்குமுன் இந்தியாவில் பட்டதாரியின் பாதை பெரும்பாலும் ஒன்றே. பரீட்சை, அதன்பின் சட்டம் அல்லது அரசாங்க உத்தியோகம். ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காக நின்று புதியது தேடுவதும் ஒரு வாழ்க்கைத் தொழில் என்று எண்ணுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. அந்தத் துணிவை ஊட்டினார் ராய்.

ஜதீந்திரநாத் சென், பஞ்சானன் நியோகி, ரசிகலால் தத்தர், நீலரத்தின தர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். முதலில் தாம் ஆராய்ந்துகொண்டிருந்த நைத்திரைற்றுப் பகுதியில் சிறு வேலையொன்றைக் கொடுப்பார். கை பழகியதும் கட்டுரையை மாணவர் பெயரையும் சேர்த்து வெளியிடுவார். மாணவர் தம் காலில் நிற்க வல்லவரானதும், தம் பெயரின்றித் தனியே எழுத விடுவார். அக்காலத்து லண்டன் இரசாயனச் சங்கச் சஞ்சிகையைப் புரட்டினால் குருவும் சீடரும் சேர்ந்து எழுதியவற்றையும், பின்னர்ச் சீடர் தனித்தெழுதியவற்றையும் வரிசையாகக் காணலாம். பறக்கப் பழகிய குஞ்சைத் தாய்ப்பறவை விட்டு விலகுவதுபோல இது நடந்தது.

1909ஆம் ஆண்டை ஒட்டிப் பிரசிடென்சிக் கல்லூரிக்கு வந்த மாணவர் கூட்டம் இந்திய விஞ்ஞான வரலாற்றில் தனிச் சிறப்புடையது. ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, சத்தியேந்திரநாத் போஸ் ஆகியோரும், சிறிது பின்னர் டாக்காவிலிருந்து வந்த மேகநாத் சாகாவும் அதிற் சேர்ந்தவர். சாகா ஏழைக் கடைக்காரர் ஒருவரின் மகன். சாதியின் பெயரால் அவமதிப்பும் பட்டவர். இவர்களெல்லாம் ராயிடம் இரசாயனம் கேட்டவர்கள்.

இவருள் கோஷும் முகர்ஜியும் இரசாயனத்தையே வாழ்வாகக் கொண்டனர். ஆனால் அவர்கள் மனம் சென்ற பகுதி பௌதிக இரசாயனம். அது ராய் அவர்கள் தேர்ந்த துறையன்று. ஆசிரியன் அறியாத வழியில் மாணவன் போக விரும்பினால் என்ன செய்வது? தன் ஆய்வுக்கு ஆள் குறைந்துவிடுமே என்று தடுத்துவிடுபவர் உண்டு. ராய் தடுக்கவில்லை, தாம் வழிகாட்ட இயலாத இடத்தில் ஊக்கமும் இடமும் பொருளும் தந்தார். கோஷ் தம் இருபத்துநான்காம் வயதளவில், 1918இல், உப்புக்கரைசல்களின் மின்னியல்பு பற்றிய கொள்கையை வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞர் அதனை ஆவலோடு வாசித்தனர். 1923இல் டிபை, ஹூக்கல் என்போர் அமைத்த கொள்கை அதன் இடத்தைப் பெற்றுவிட்டது உண்மையே. ஆயினும் கல்கத்தாவில் இருந்த இளைஞன் ஒருவன் உலகத்து அறிஞரோடு ஒரே வினாவைப் பற்றி வாதிட முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. முகர்ஜி கூழ்ப்பொருள்கள் பற்றிய ஆய்விற் புகழ் பெற்றார். சாகா 1920இல் சூரியனின் ஒளியை விளக்கும் அயனாக்கக் கொள்கையை வெளியிட்டார். போஸ் 1924இல் உலகப் புகழ் பெற்றார்.

பழைய ஏடுகளைத் தேடியவர்

ஆராய்ச்சி என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பண்டம், நம்மவர்க்கு இயல்பன்று என்று நினைத்தவர் அந்நாளிற் பலர். இவ்வெண்ணத்தை ஒழிக்க ராய் மற்றொரு பெரும்பணியை மேற்கொண்டார். பிரான்சு தேசத்து இரசாயனப் பேரறிஞர் பேர்தெலோ அவர்களோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பண்டை இந்தியரின் இரசவாத நூல்கள் பற்றி ராய் எழுதி அனுப்பியதை அவர் வியந்து ஏற்று, விரிவாக எழுதுமாறு ஊக்கினார். ராய் பல இடங்களிலிருந்தும் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். பண்டிதர்களைத் துணைக்கொண்டு மூலங்களை ஒப்பிட்டார். 1902இல் இந்து இரசாயன வரலாற்றின் முதற்பாகமும் 1909இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன.

முன்னோரைப் புகழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. கையால் தொழில் செய்வோரையும், நூல் கற்போரையும் சாதி பிரித்து வைத்தமையே இந்நாட்டில் விஞ்ஞானம் தளர்ந்தமைக்குப் பெருங் காரணம் என்று அந்நூலில் துணிந்து எழுதினார். பெருமையைக் காட்டிய கையே குறையையும் சுட்டிக்காட்டியது. முன்னோர் மீது உண்மையான மதிப்புடையவனால் அன்றி இது இயலாது.

விஞ்ஞானக் கல்லூரி

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சேர் அசுதோஷ் முகர்ஜி உயர் ஆராய்ச்சிக்கென்று விஞ்ஞானக் கல்லூரி ஒன்றை நிறுவ முயன்றார். வழக்கறிஞரான தாரகநாத் பாலித், ராஷ் பிஹாரி கோஷ் என்னும் இருவர் தம் பெருஞ்செல்வத்தை அதற்கு ஈந்தனர். அங்கே பேராசிரியராக இந்தியரே இருத்தல் வேண்டும் என்பது பாலித் அவர்களின் நிபந்தனை. 1914இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1916இல் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ராய், பாலித் இரசாயனப் பேராசிரியராக அங்கே சேர்ந்தார். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. கருவிகளும் மருந்துப் பொருள்களும் கப்பலில் வருவது அரிதாயிருந்தது. கிடைத்ததைக்கொண்டு வேலையைத் தொடங்கினர்.

அக்கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையே இறுதிவரை அவர் வீடு. மணஞ்செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டில், சில ஆடைகள், நிறையப் புத்தகங்கள். இவையே அவர் உடைமை. இளமை நோயின் காரணமாக உணவும் உறக்கமும் அளவோடுதான். வறிய மாணவர் சிலர் அவரோடு உண்டு அவரோடு தங்கிப் படித்தனர். மாலையில் கல்கத்தா மைதானத்துக்குச் சென்று மாணவரோடும் நண்பரோடும் உலகத்துச் செய்திகளெல்லாம் பேசியிருப்பார். ஆய்வுகூடத்தில் கேட்கக் கூசிய கேள்வியை மாணவன் அங்கே கேட்டுவிடலாம்.

1921இல் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அன்று தொட்டுத் தம் பேராசிரியர் சம்பளத்தைத் தாம் எடுத்துக்கொள்ளாமல், இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி மாணவர் உதவிக்கும் என்று பல்கலைக்கழகத்துக்கே விட்டுவிட்டார். 1936இல் எழுபத்தைந்தாம் வயதில் ஓய்வு பெறும்வரை இவ்வாறே உழைத்தார். பழைய இரசவாதி நாகார்ச்சுனர் பெயரால் ஒரு பரிசும், அசுதோஷ் முகர்ஜி பெயரால் ஒரு பரிசும் ஏற்படுத்தினார். தம் பெயரால் அல்ல.

சொந்தச் சஞ்சிகை

ஆராய்ச்சி செய்துவிட்டாற் போதாது, அதனை உலகம் அறியவேண்டும். அக்காலத்தில் இந்திய ஆய்வாளர் தம் கட்டுரையைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருப்பர். அங்குள்ளவர் ஏற்றால் உண்டு, இல்லையேல் இல்லை. லண்டனில் மேற்படிப்புக்குச் சென்றிருந்த கோஷ், முகர்ஜி, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகிய மூவரும் நமக்கென ஓர் இரசாயனச் சங்கமும் சஞ்சிகையும் வேண்டும் என்று பேசிக்கொண்டனர். திரும்பி வந்தபின் 1924இல் இந்திய இரசாயனச் சங்கம் தோன்றியது. இளைஞர் கனவுக்கு மூத்தவர் ராய் முதல் தலைவராக நின்று தோள் கொடுத்தார். சங்கத்தின் சஞ்சிகையும் அவ்வாண்டே தொடங்கிற்று.

தொழிலும் தொண்டும்

படித்த வங்க இளைஞர் எழுதுவினைஞர் உத்தியோகத்தையே நாடி அலைவது கண்டு வருந்திய ராய், 1892இல் சில நூறு ரூபா முதலோடு தம் வாடகை வீட்டிலே மருந்துப் பொருள்கள் தயாரிக்கத் தொடங்கினார். 1901இல் அது வங்காள இரசாயன மருந்துத் தொழிற்சாலை என்னும் கம்பனியாகியது. இரசாயனம் படித்த இளைஞர் பலர்க்கு அங்கே தொழில் கிடைத்தது. வங்கத்தின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளரும் அகராதி ஆசிரியருமான ராஜசேகர போஸ் அத்தொழிற்சாலையில் நெடுங்காலம் பணிபுரிந்த இரசாயனரே.

1921இல் குல்னாவில் பஞ்சம் வந்தபோதும், 1922இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் வந்தபோதும் விஞ்ஞானக் கல்லூரியே நிவாரண நிலையமாயிற்று. கண்ணாடிக் குழாய் பிடித்த கைகள் அரிசி மூட்டைகளும் துணி மூட்டைகளும் கட்டின. சாகா போன்ற ஆய்வாளரும் அதில் உழைத்தனர். விஞ்ஞானம் சற்றுப் பொறுத்திருக்கலாம், நாட்டின் விடுதலை பொறுத்திராது என்ற கருத்துடன் கதர் இயக்கத்திலும் ராய் ஈடுபட்டார்.

இவற்றால் அவருடைய சொந்த ஆராய்ச்சி குன்றியது என்று குறைகூறியோர் உண்டு. அக்குறையை மறுப்பதற்கில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதியவராயினும், மஞ்சட் பளிங்குக்குப் பின் அதனையொத்த பெருங்கண்டுபிடிப்பு ஒன்றை அவர் பெயரோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. ஆய்வுகூடத்திலே தனித்து அடைபட்டிருந்தால் அவர் பெயர் இன்னும் உயர்ந்திருக்கலாம். ஆனால் அப்பொழுது கோஷும் முகர்ஜியும் தரும் எங்கிருந்து வந்திருப்பர்? இந்த இழப்பை அவர் அறியாமற் செய்யவில்லை, அறிந்தே செய்தார். அதுவே தியாகம்.

சீடர் சென்ற தூரம்

கோஷ் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் இயக்குநராகவும், பின்பு கரக்பூரில் எழுந்த முதல் இந்தியத் தொழில்நுட்ப நிலையத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார். முகர்ஜி டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். தர் அலகாபாத்தில் மண்ணியல் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். சாகா 1950இல் கல்கத்தாவில் அணுக்கருப் பௌதிக நிலையத்தை நிறுவினார். மற்றொரு சீடரான பிரியதாரஞ்சன் ராய் ஆசானின் இந்து இரசாயன வரலாற்றைப் புதுக்கி 1956இல் வெளியிட்டு குருகடன் தீர்த்தார். இவர்களும் தத்தம் மாணவரை உருவாக்கினர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன. முதல் விளக்கின் ஒளி அதனாற் குறையவில்லை.

ஆசாரியர் ராய் 1932இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு அதனை இந்திய இளைஞர்க்குச் சமர்ப்பித்தார். முதுமையில் சேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் திகதி, விஞ்ஞானக் கல்லூரியின் அந்த அறையிலேயே, மாணவர் சூழ உயிர்நீத்தார்.

நாம் கொள்ளவேண்டியது

அவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் பெருகிவிட்டன, கலாநிதிப் பட்டம் பெறுவோரும் பெருகிவிட்டனர். ஆயினும் உயர்கல்வியில் இறங்கும் இளைஞன் படும் தனிமையும் ஐயமும் அன்றிருந்தவையே. எதை ஆராய்வது, எப்படி எழுதுவது, யாரிடம் கேட்பது, இதனால் வாழ்வு நடக்குமா என்னும் கேள்விகள் அவனை இரவில் உறங்கவிடா.

எம் இளைஞர்க்கு நாம் சொல்வது இது. நோயும் வேலையின்மையும் ஏளனமும் ராய்க்கும் வந்தன. காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. எதிர்பாராது படிந்த மஞ்சட் பளிங்கைக் கழுவி எறியவும் இல்லை. அறிந்ததைத் தெளிவாக எழுதுங்கள், தாய்மொழியிலும் எழுதுங்கள். ஒருவர் கைகொடுத்து உங்களை ஏற்றியிருந்தால், ஏறியபின் கீழே கைநீட்ட மறவாதீர்கள்.

பெரியோர்க்கு நாம் சொல்லத் தகுதியுடையோம் அல்லோம், விண்ணப்பிக்கலாம். நமக்குக் கிடையாதது இளையவர்க்குக் கிடைக்கும்போது மனம் சிறிது நோவது இயற்கை. அந்த நோவை வென்று, பட்டியலில் அவர்கள் பெயரை முன்னே எழுதிவைப்பதே பெரியோர் செய்யத்தக்க பெருங்கொடை. ஆசாரியர் ராய் நமக்குக் காட்டிச் சென்ற வழி அதுவே.